தீர்த்தமாடும் முன் அரண்மனைப் பக்கம் வாருங்கள்

டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமேஸ்வர யாத்திரை பற்றியவை. ஆடி அமாவாசை நெருங்குகிறது அல்லவா! மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப்பக்கக் கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டீச்சர், நாங்கள் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். மாமியார், நாங்கள் இருவர், 11 வயதில் மகள், 8 வயதில் மகன். ராமநாதபுரம் அரண்மனையில் சின்னதாக ஒரு மியூசியம் இருக்கிறதாமே? என் கணவர், "தீர்த்தமாடப் போற இடத்துல மியூசியம் எதுக்கு, நேரம்தான் வீண்" என்கிறார். போகலாமா?
– சேலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அவசியம் போங்கள் அம்மா. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், போகும்போதே இறங்கிவிடுங்கள். 22 கிணற்றுத் தண்ணீரும் தலையில் விழுந்து, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடித்து, சாப்பிட்டு வண்டியில் ஏறினால், பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அப்புறம் அரண்மனையாவது ஒன்றாவது.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள். 'சேதுபதி' என்றால் என்ன பொருள்? சேதுவுக்கு அதிபதி, அதாவது நீங்கள் போகிற அந்த வழிக்குக் காவல்காரர். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களைக் காட்டுப் பாதையில் மறித்துக் கொள்ளையடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த வழியைக் காக்க ஒருவர் வேண்டும் என்றுதான், 1605 வாக்கில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர், சடைக்கன் என்பவரைச் சேதுபதியாக அமர்த்தினார். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்து கோட்டை கட்டியவர் கிழவன் சேதுபதி. அவர் கட்டிய கொலு மண்டபம்தான் ராமலிங்க விலாசம். நீங்கள் கேட்கிற மியூசியம் அதற்குள்ளேதான் இருக்கிறது. தொல்லியல் துறை அதை 'அகழ்வைப்பகம்' என்று சொல்கிறது. யாத்திரைக்கு வழிகாத்தவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் உங்கள் வண்டி போகப்போகிறது. நேரம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. சேது யாத்திரைக்கு எங்கள் பெரியவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். உப்பூர்ப் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கற்களைச் சுற்றி, திருப்புல்லாணி, சேதுக்கரை பார்த்து, கடைசியாகத்தான் ராமேஸ்வரம். தேவிபட்டினத்துக்கும் திருப்புல்லாணிக்கும் நடுவிலே ராமநாதபுரம். காலையில் தேவிபட்டினத்தை முடித்துக்கொண்டு 15 கிலோமீட்டர் வந்தால் டவுனில் டிபன் சாப்பிட நேரம் சரியாக இருக்கும். அது முடிந்ததும் அரண்மனை. ராத்திரி ராமேஸ்வரத்தில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் இறங்குங்கள். பார்வை நேரத்தையும் விடுமுறை நாளையும் மட்டும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிகளிடம் போகாதீர்கள், சுவர்களைப் பாருங்கள். கோயில் மாதிரியே மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று கட்டியிருப்பார்கள். சுவரிலும் மேல்விதானத்திலும் ஓவியம். சுண்ணாம்புப் பூச்சு காய்ந்தபின் அதன்மேல் தீட்டியவை. பெரும்பாலும் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, 1710 முதல் 1725 வரை ஆண்டவர் அவர். ராமாயணக் கதை இருக்கிறது. தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை இருக்கிறது. தொப்பிக்காரர்கள், அதாவது வெள்ளைக்காரர்கள், ராஜாவைப் பார்க்க வருகிற காட்சியும் இருக்கிறது. பிள்ளைகளிடம், "தொப்பிக்காரங்க எங்க இருக்காங்க, கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். சுவரைத் தொட மட்டும் விடாதீர்கள். உப்புக்காற்றில் ஏற்கெனவே பொரிந்து நிற்கிற நிறம், விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

மாமியாரை ரத்தினாபிஷேக ஓவியத்தின் முன்னால் நிறுத்துங்கள். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர், சேதுபதியை உட்காரவைத்து அவர் தலையில் மணிகளைச் சொரிகிறார். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனபோது ஒரு பெண், "டீச்சர், குத்தாதா?" என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் நானே ராஜாவின் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ தடவை அந்தப் படத்தைக் கடந்து போயிருக்கிறேன். மறுநாள் விடியலில் கிணற்றுத் தண்ணீர் சில்லென்று உச்சந்தலையில் விழும்போது உங்கள் மாமியாருக்கு அந்தப் படம் நினைவுக்கு வரும், பாருங்கள்.

கேள்வி: போன மாதம் அந்த அகழ்வைப்பகத்தைப் பார்த்தோம். கொஞ்சம் ஆயுதங்கள், உடைந்த பானை ஓடுகள், சிலைகள். 20 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். நாங்கள் எதையாவது தவறவிட்டோமா?
– சென்னை, பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உடைந்த பானை ஓடுகள் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அங்கேதான் ஐயா தவறவிட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஊர் உச்சிப்புளி. அழகன்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர், வைகை கடலில் சேர்கிற இடத்தை ஒட்டியது. சிறுபிள்ளையாக இருந்தபோது அங்கே எங்கள் சின்னம்மா வீட்டுக்கு லீவுக்குப் போவோம். தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவோம். சில்லு தேட வேறெங்கும் போகவேண்டாம், மேட்டிலே காலால் கிளறினால் போதும். கறுப்பும் சிவப்புமாக, வழவழவென்று, கையில் வைத்தால் கனமே தெரியாத ஓடு. நல்ல சில்லு கிடைத்தால் பாவாடை மடிப்பில் முடிந்து வைத்துக்கொள்வோம். 1986-87ல் தொல்லியல் துறை அங்கே குழி போட்டுத் தோண்டியபோதுதான் தெரிந்தது, நாங்கள் நொண்டியடித்துத் தேய்த்ததெல்லாம் 2000 ஆண்டுச் சரக்கு என்று. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் அங்கே கிடைத்தன. ரோமானியக் காசுகள் கிடைத்தன. கப்பல் கீறிய ஓடு ஒன்றும் கிடைத்தது. ஒருவர் தன் பானையில் பாய்மரக் கப்பலைக் கீறி வைத்திருக்கிறார்! எழுத்து இருந்த ஓடுகள் எத்தனையை நாங்கள் தெருவிலே தேய்த்துத் தீர்த்தோமோ என்று இப்போதும் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

அடுத்த முறை போனால் அழகன்குளத்து ஓடுகளில் ஒரே ஒன்றின் முன்னால் 5 நிமிடம் நில்லுங்கள். தட்டின் உள்பக்கம் வட்ட வட்டமாக, ஊசிமுனை அளவில், புள்ளி வரிசை ஓடுகிற ஓடு இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். 'ரௌலட்டட்' மட்கலம் என்பார்கள். குயவர் திகிரி சுழல, ஈரம் காயாத தட்டின் மேல் பல்வைத்த சின்னச் சக்கரம் மாதிரி ஒன்றைப் பிடித்திருக்கிறார். தட்டு சுற்றச் சுற்றப் புள்ளிகள் தானாக விழுந்திருக்கின்றன. உற்றுப் பார்த்தால், ஓரிடத்தில் வட்டம் முடிந்து தொடங்கிய புள்ளியின் மேலேயே ஏறியிருப்பது சில ஓடுகளில் தெரியும். அந்தக் குயவரின் கை அங்கேதான் விலகியது. இந்த வகைப் பானையை முன்பு ரோமாபுரியிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகு, இது இந்திய மண்ணில் வனைந்ததே என்று ஆய்வாளர்கள் பலர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். என்னிடம் பழைய பாடத்தைப் படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆயுதங்களில் வளரியைப் பார்த்தீர்களா? பிறை மாதிரி வளைந்தது, ஒரு முனை கனமாகவும் மறுமுனை கைக்குப் பிடியாகவும் இருக்கும். பிடிமுனையைப் பற்றிச் சுழற்றி வீசுவார்கள், ஓடுகிறவன் காலில் பட்டால் விழுந்துவிடுவான். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தனக்கு முதன்முதலில் வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று எழுதிவைத்திருக்கிறார். அதே வெல்ஷ் 1801ல் மருதிருவரை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டார்கள். வளரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது சண்டையில்லை. கையைப் பிடித்து, "இப்படிச் சுழத்து" என்று அவர் ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தச் சாயங்காலம்தான்.

கேள்வி: கட்டபொம்மன் ஜாக்சன் துரையைச் சந்தித்தது இந்த ராமலிங்க விலாசத்தில்தான் என்று எங்கள் ஐயா சொல்கிறார். உண்மையா டீச்சர்?
– பரமக்குடியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: உண்மைதான் தம்பி. 1798 செப்டம்பரில் நடந்தது. ஜாக்சன் அப்போது கலெக்டர். வரச்சொல்லிவிட்டு, குற்றாலத்தில் பார்க்க மறுத்து, போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே வரவைத்து, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி கொடுத்தார். நிற்கவைத்தே விசாரித்தார். பேச்சு முற்றிக் கைகலப்பானது. லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார். கட்டபொம்மன் தப்பிவிட, அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கம்பெனி பிறகு விசாரித்து ஜாக்சனைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் அடுத்த ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேதுபதியின் கொலு மண்டபத்தில் கலெக்டர் எப்படி உட்கார்ந்தார்? ஏனென்றால் மண்டபத்துக்கு உரியவர் சிறையில் இருந்தார். முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795ல் பதவி இறக்கிச் சிறைவைத்தது. அவர் 1809ல் சென்னைச் சிறையிலேயே இறந்துபோனார். ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம், உலகமே வந்து பார்க்கிற அந்த 1212 தூண்கள், முடிந்தது அவர் பெயரால்தான். ஈரத்துணியோடு ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு ஓடுகிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனிதரின் கடைசி நாட்கள் தெரியும் என்று எனக்கு ஆற்றாமையாக வரும். பரமக்குடிக்காரன் நீ, ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். அந்த மண்டபத்தில் நின்று கட்டபொம்மனோடு அவரையும் நினைத்துக்கொள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டை இடித்தபோது பரண்மேல் இரும்புப் பெட்டிக்குள் எழுத்து வெட்டிய செம்புத் தகடு ஒன்றும், அஸ்திவாரம் தோண்டும்போது கொஞ்சம் செப்புக் காசும் கிடைத்தன. பச்சை பிடித்திருக்கிறது. சுத்தம் செய்து மியூசியத்துக்குக் கொடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். கொடுத்தால் நம் பெயர் இருக்குமா?
– கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி

பதில்: சுத்தம் செய்ய வேண்டாம்! இதை வாசித்த உடனே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் தாத்தா வீடு திருப்புல்லாணிக்குப் பக்கத்தில். அங்கே பூஜை மாடத்தில் ஒரு செப்பேடு இருந்தது. ஒரு முழ நீளம் இருக்கும், மேலே ஓர் ஓட்டை, அதில் வளையம். யாருக்கும் வாசிக்கத் தெரியாது, ஆனால் சாமி மாதிரி வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள் கிணற்றடியில் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் போட்டு, புளியும் சாம்பலும் வைத்து அம்மா தேய்ப்பார்கள். தங்கம் மாதிரி மின்னும். எனக்கும் தேய்க்கப் பிடிக்கும், நானும் தேய்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தண்ணீர்ப் பந்தல்" என்பது மட்டும் ஓரத்தில் தேறியது. யார் கொடுத்தார், எந்த ஊரில், எந்த வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைக்க, எல்லாம் போய்விட்டது. அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. பக்தியோடு செய்த காரியம் அது, சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதனால் புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கிற பவுடர் எதுவும் கூடாது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள். சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, கடற்காற்று படாத அலமாரியில் வையுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் போட்டோ எடுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, நேர் வெளிச்சத்தில் தெரியாததும் தெரியும். அந்தப் போட்டோவைத் தொல்லியல் துறைக்காரர்களிடம் காட்டினால் வாசித்துச் சொல்வார்கள்.

காசு விஷயம் வேறு. மண்ணுக்குள் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. தாசில்தார் ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு ஆசைக்கு நீங்களே பார்க்கலாம். ஒருபுறம் காளை, அதனோடு 'சேது' என்ற எழுத்து இருந்தால் அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காசு. நிற்கிற மனிதன் ஒருபுறம், உட்கார்ந்த மனிதனும் நாகரி எழுத்தும் மறுபுறம் இருந்தால் ராஜராஜ சோழன் பெயர் பொறித்த காசாக இருக்கலாம்.

தகட்டைக் கொடுப்பதா என்பது உங்கள் குடும்பம் கூடி முடிவெடுக்க வேண்டியது. நான் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். கொடுக்கும்போது எந்தத் தெரு, எந்த வீடு, பரணில் எந்தப் பெட்டி, வீட்டில் என்ன கதை சொல்லி வைத்திருந்தார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள், பெயரையும் அதிலேயே எழுதிக் கேளுங்கள். தகடு பாதி, இந்த விவரம் பாதி. கீழக்கரை மரைக்காயர் வீடுகளுக்கும் சேதுபதி அரண்மனைக்கும் இருந்த உறவு சாதாரணமானதா? கிழவன் சேதுபதியின் கோட்டை வேலைக்குத் துணைநின்றவர் சீதக்காதி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். 'செத்தும் கொடுத்தான்' என்று பேரெடுத்த ஊர்க்காரர் நீங்கள். கோயில், பள்ளிவாசல் என்று பாராமல் சேதுபதிகள் செப்பேடு வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பரணில் இருந்தது அதில் ஒன்றாக இருந்தால், அந்தச் செய்தியை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ராஜா கதையெல்லாம் பிடிக்காது, மீன் என்றால் உயிர். வழியில் அவனுக்கு ஏதாவது இருக்கிறதா?
– விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மண்டபம் முகாமில் இறங்குங்கள். 1947ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு அங்கேதான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போனது. மீன், சங்கு, சிப்பி, பவளம் எல்லாம் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், மீன் தொட்டிகளும் உண்டு. பார்த்துவிட்டு மண்டபம் கரைக்குக் கூட்டிப்போய், வலை சிக்கெடுக்கிற பெரியவர் ஒருவரிடம், "ஆவுளியா பாத்திருக்கீங்களா அப்பச்சி?" என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். கடற்புல் மேய்கிற கடல்பசுவுக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. ஆவுளியாவைப் பிடிக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் வலையில் தவறி மாட்டியதை அறுத்துவிட்ட கதை, குட்டியோடு பார்த்த கதை எல்லாம் அவர்களிடம் இருக்கும். பெரியவர் வேலை முடியும்வரை பொறுத்திருந்து கேட்கச் சொல்லுங்கள்.